சில நாளில் புளிக்கும் ஏலும் மலை தாண்டி வரும் பியரும்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போய், க்ளோவர்டேலில் மேற்கே திரும்பினால் 128ஆம் எண் சாலை. அங்கிருந்து பூன்வில் சுமார் 45 கிலோமீட்டர். தூரம் அதிகமில்லை, வளைவுகள்தாம் அதிகம். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஓக் மரங்கள் நிற்கும் சரிவு. எதிரே வண்டி வருவது கடைசி நொடியில்தான் தெரியும். மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் மூன்று நண்பர்களை ஏற்றிக்கொண்டு அந்தச் சாலையில் போனேன். காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடுவதாகத் திட்டம். அவர்கள் குடிக்க வந்தவர்கள், நான் ஓட்ட வந்தவன். நாள் முழுவதும் தண்ணீர்தான் என்று புறப்படும்போதே பேசி முடித்திருந்தோம்.

பூன்வில்லில் இருப்பவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். ஆண்டர்சன் பள்ளத்தாக்கின் ஆட்டுப்பட்டிகளுக்கும் ஆப்பிள் தோட்டங்களுக்கும், பின்னாளில் வந்த திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே ஒரே ஒரு பெரிய தெரு. 1987இல் இங்கே பக்ஹார்ன் சலூன் என்ற மதுக்கடையின் கீழ்த்தளத்தில் ஒரு சிறு பியர் ஆலை தொடங்கியது. ஒரு தடவைக்குப் பத்து பீப்பாய், நம் கணக்கில் ஆயிரத்து இருநூறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதுதான் ஆண்டர்சன் வேலி ப்ரூயிங் கம்பெனி. 1997இல் அந்த ஆலை ஊர்ப் பொருட்காட்சித் திடலில் ஒரு பியர் விழாவைத் தொடங்கியது. மற்ற ஆலைகளும் தங்கள் பீப்பாய்களோடு வரும். நுழைவுச்சீட்டு வாங்கினால் ஒரு சிறிய கண்ணாடிக் கோப்பை தருவார்கள். அதை ஏந்திக்கொண்டு மேசை மேசையாகப் போய்ச் சுவைக்கலாம். வரும் பணம் பள்ளத்தாக்கின் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்குப் போகும். விழா நாளில் திடலுக்குள் இருக்கும் கூட்டம் ஊரின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு.

இந்த விழாவை எதனோடு வைத்துப் பார்ப்பது என்று அன்று எனக்குத் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் குவான்டாக் குன்றுகளின் அடியில் இருக்கும் க்ரோகம் என்ற கிராமத்துக்குப் போனபோது விடை கிடைத்தது. அங்கே பங்கு என்னும் திருச்சபை வட்டாரத்தின் கோயிலுக்கு எதிரே பழைய கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதை 'கோயில் வீடு' என்கிறார்கள். 1515 வாக்கில் கட்டியது. கீழ்த்தளம் ஏல் என்ற பார்லி மது காய்ச்சவும் ரொட்டி சுடவும். மேல்தளம் உட்கார்ந்து உண்ணவும் குடிக்கவும். தேவாலயத்துக்கு எதிரில், தேவாலயத்துக்காகவே ஒரு மதுக்கூடம். கோயிலின் கூரை ஒழுகினாலும், மணி விரிசல் விட்டாலும், ஏழைக்கு உதவ வேண்டியிருந்தாலும் ஊரார் ஏல் காய்ச்சி, ஊராரே காசு கொடுத்துக் குடித்து, மிஞ்சிய காசில் காரியத்தை முடித்தார்கள். இதற்குப் பெயர் 'சர்ச் ஏல்'. பழைய ஆங்கிலத்தில் ஏல் என்ற சொல்லே பானத்தையும் குறித்தது, அதைக் குடிக்கக் கூடும் விருந்தையும் குறித்தது. கல்யாணத்தைச் சேர்ந்தது என்ற பொருளில் இன்று வழங்கும் 'பிரைடல்' என்ற சொல்லும் மணப்பெண்ணின் ஏல் என்பதிலிருந்து பிறந்ததுதான்.

இரண்டும் குடித்துத் தர்மம் செய்யும் ஏற்பாடுகள். இரண்டும் வசந்தத்தின் முடிவில் நடப்பவை: பூன்வில்லில் ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரம், இங்கிலாந்தில் பெரும்பாலும் ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே. இவ்வளவு ஒற்றுமை இருக்கும்போது ஒன்றின் வாரிசுதான் மற்றது என்று சொல்லிவிடத் தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு கடலும் முந்நூறு ஆண்டுகளும் கிடக்கின்றன. ஆனால் ஒன்றின் வெளிச்சத்தில் மற்றதைப் பார்த்தால், தனியே பார்க்கும்போது கண்ணில் படாதவை தெரிகின்றன.

சர்ச் ஏல் எப்படி நடந்தது என்பதைக் கார்ன்வாலைச் சேர்ந்த ரிச்சர்ட் கேரு 1602இல் வெளியிட்ட தம் மாவட்ட வரலாற்றில் விளக்கமாக எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் இரண்டு இளைஞர்களைப் பொறுப்பாளர்களாக வைப்பார்கள். அவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டு வீடு வீடாகப் போய், அவரவர் விரும்பிக் கொடுப்பதை வாங்கி வருவார்கள். அதைக் கொண்டு ஏல் காய்ச்சி, ரொட்டி சுட்டு, பெந்தெகொஸ்தே நாளில் கோயில் வீட்டில் விருந்து. ஊரார் தாங்கள் கொடுத்த பொருளைத் தாங்களே காசு கொடுத்து உண்பார்கள், குடிப்பார்கள். அதிகம் சேர்ப்பவர் யார், சிக்கனமாகச் செலவழிப்பவர் யார் என்று இரு இளைஞர்களுக்கும் இடையே போட்டி இருந்ததையும் கேரு சொல்கிறார். பக்கத்துப் பங்குக்காரர்கள் இவர்கள் விழாவுக்கு வருவார்கள். இவர்கள் அவர்கள் விழாவுக்குப் போவார்கள். முடிந்ததும் ஊர் முன்னால் கணக்கு. மீந்தது பொது நிதிக்கு.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கணக்கு ஒப்படைப்பு. பங்குகளின் கணக்கேடுகள் பல இன்றும் இருக்கின்றன. சாமர்செட்டில் க்ராஸ்கம் என்ற ஊரின் பதினைந்தாம் நூற்றாண்டுக் கணக்கில், இளைஞர் குழு கொண்டுவந்தது இவ்வளவு, கன்னிப்பெண்கள் குழு கொண்டுவந்தது இவ்வளவு, ராபின் ஹூட் வேடமிட்டவர் கொண்டுவந்தது இவ்வளவு என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டைப் புரட்டியவர்களுக்கு அந்தப் பக்கங்களின் தொனி உடனே பிடிபடும். லண்டனுக்குப் பக்கத்தில் தேம்ஸ் கரையில் உள்ள கிங்ஸ்டனில், விழாவுக்கு வந்தவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளச் சிறு அடையாளச் சின்னங்கள் விற்றார்கள். அவற்றைக் குத்த வாங்கிய ஊசிக்கும் கணக்கு இருக்கிறது. பூன்வில் வாசலில் என் நண்பர்கள் கையில் வந்த கண்ணாடிக் கோப்பை அதன் வேலையைத்தான் செய்தது. கொடுத்தாயிற்று, இனி நீ இந்தக் கூட்டத்தில் ஒருவன்.

இங்கேதான் முதல் பெரிய வேறுபாடு வருகிறது. அதற்குக் காரணம் மனிதர்களின் குணமில்லை, பானத்தின் குணம்.

இடைக்கால இங்கிலாந்தின் ஏல் முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட் ஆகியவற்றால் ஆனது. அதில் ஹாப்ஸ் கிடையாது. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண்பூக் கொத்து. அதன் பிசினில் உள்ள கசப்பான அமிலங்கள், பானத்தைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களை வளரவிடாமல் தடுக்கும். ஹாப்ஸ் சேர்த்தது பியர், சேர்க்காதது ஏல். அக்காலத்தில் இந்த இரண்டு பெயர்களுக்கும் அதுதான் வேறுபாடு. ஏல் சில நாட்களிலேயே புளித்துவிடும். வண்டியில் ஏற்றித் தூர ஊருக்கு அனுப்ப முடியாது, அடுத்த மாதத்துக்கு வைக்கவும் முடியாது. ஆகவே பெரிய அளவில் ஏல் காய்ச்சினால் ஊரையே கூட்டியாக வேண்டும். எல்லோரும் ஓரிரு நாளில் வந்து குடித்துத் தீர்த்தால்தான் போட்ட தானியம் காசாகும். 'வா, வந்து குடி, இன்றே குடி' என்ற அழைப்பு அந்தப் பானத்துக்குள்ளேயே இருந்தது. சர்ச் ஏலுக்கு விழா வடிவம் வந்ததற்குப் பக்தியும் கொண்டாட்டமும் எவ்வளவு காரணமோ, கெட்டுப்போகும் தன்மையும் அவ்வளவு காரணம் என்று நினைக்கிறேன்.

ஹாப்ஸ் போட்ட பியர் 1400ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடல் கடந்து, நெதர்லாந்துப் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் கென்ட் மாவட்டத்தில் ஹாப்ஸ் தோட்டங்களே வந்துவிட்டன. கெடாத பானம் வந்ததும் காய்ச்சுபவரும் குடிப்பவரும் ஒரே ஊரில் இருக்க வேண்டிய அவசியம் போயிற்று. பூன்வில் இந்த மாற்றத்தின் மறு முனையில் நிற்கிறது. அது இருக்கும் மென்டசீனோ மாவட்டமே ஒரு காலத்தில் ஹாப்ஸ் விளைந்த பூமி. பக்கத்தில் ஹாப்லண்ட் என்ற ஊரின் பெயரே சாட்சி. விழாத் திடலில் வரிசையாக நின்ற பீப்பாய்கள் எங்கெங்கிருந்தோ குளிரூட்டிய வண்டிகளில் மலை தாண்டி வந்தவை. குடிக்க வந்தவர்களும் அப்படியே. பியரோடு அந்நியர்களும் வந்தார்கள், அவர்களோடு அந்நியர்களின் பணமும் வந்தது. ஆயிரம் பேர் உள்ள ஊர் தனக்குள்ளேயே எவ்வளவு சேர்த்துவிட முடியும்? அப்படிப்பட்ட ஊருக்கு அது பெரிய உதவி. இதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

அந்நியர்களுக்கு அந்த ஊரில் ஒரு பெயரே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பூன்வில்காரர்கள் தங்களுக்கென்று ஒரு குழூஉக்குறி மொழியை உருவாக்கினார்கள். பூன்ட்லிங் என்று அதற்குப் பெயர். இலக்கணம் ஆங்கிலம்தான், சொற்கள் மட்டும் ஊருக்குள்ளேயே பிறந்தவை. ஹாப்ஸ் பறிக்கும் வயலில் தொடங்கியது என்பார்கள், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் என்பாரும் உண்டு. சார்லஸ் ஆடம்ஸ் என்ற ஆய்வாளர் 1971இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதில் 'பால் ஹார்னின்' என்றால் நல்ல குடி. ஆலை தன் முழக்கமாக எடுத்துக்கொண்டது இதைத்தான். 'ஹாப் ஆட்டின்' என்ற பியரின் பெயருக்குக் கடுமையாக உழைக்கும் ஹாப்ஸ் என்று பொருள். 'பிரைட்லைட்டர்' என்றால் நகரத்து ஆள், விளக்கு வெளிச்சத்திலிருந்து வந்தவன். வெளியாளுக்குப் புரியக்கூடாது என்று பிறந்த மொழி இன்று வெளியாள் வாங்கும் புட்டியின் மேல் அச்சாகியிருக்கிறது. எனக்கு அதில் வருத்தமும் மகிழ்ச்சியும் சேர்ந்தே வருகின்றன. பேசுவோர் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோன மொழியின் சில சொற்களையாவது அந்தப் புட்டிகள் தாங்கி நிற்கின்றன.

பழைய ஏலில் பிரைட்லைட்டருக்கு இடமில்லை. பக்கத்துப் பங்கிலிருந்து வருபவன்கூட நாளை நம்மை அழைக்கப் போகிறவன். இது மிகத் தெளிவாகத் தெரிவது 'உதவி ஏல்' என்ற வகையில். 1633இல் பாத் அண்ட் வெல்ஸ் மறைமாவட்டத்தின் பிஷப் வில்லியம் பியர்ஸ், 72 குருமாரிடம் விசாரித்து எழுதிய அறிக்கையில் ஏல் விழாக்களை வகைப்படுத்துகிறார். கோயில் பழுதுபார்க்க ஒன்று, கோயில் எழுத்தரின் பிழைப்புக்கு ஒன்று, நொடித்துப்போன ஏழை ஒருவனை மறுபடி தூக்கி நிறுத்த ஒன்று. கடைசி வகையில், கஷ்டப்பட்டவன் தானே ஏல் காய்ச்சி அக்கம்பக்கத்தாரை அழைப்பான். அவர்கள் வந்து குடித்து, பானத்தின் மதிப்புக்கு மேலே கொடுத்துவிட்டுப் போவார்கள். வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1992இல் எழுதிய கட்டுரையில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பணக்காரன் ஏழைக்கு இறங்கிவந்து போடும் பிச்சையாக இல்லாமல், ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தவர்கள் மாற்றி மாற்றிச் செய்துகொண்ட உதவி அது. வாங்குபவன் வெறுங்கையை நீட்டவில்லை, விருந்து வைத்தான். அவன் மானம் அதில் காப்பாற்றப்பட்டது. இந்த இரண்டு விழாக்களையும் பக்கத்தில் வைத்துப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒன்றுதான்.

பூன்வில்லில் பணம் கொடுப்பவருக்கு வாங்குபவர் யாரென்று தெரியாது. நாளைக்கு இடம் மாற வாய்ப்பும் இல்லை. ஆனால் வாங்குபவர் கண்ணில் படாமல் இருக்கவுமில்லை, அதை அன்று தண்ணீர்க் கோப்பையோடு நின்றதால்தான் கவனித்தேன். ஒரு மேசையில் பியர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் ஆலைக்காரர் அல்ல. உள்ளூர்ப் பள்ளியில் வேலை செய்பவர். "இன்றைக்குச் சம்பளம் கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்கான சின்ன அமைப்புக்கு இதில் ஒரு பங்கு வரும்" என்றார். அவரிடம் கோப்பையை நீட்டியவர்களில் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் எத்தனை பேர் என்று தெரியாது. பின்னால் நீண்ட வரிசை இருந்தது.

பழைய ஏலை நான் உயர்த்திப் பேசுவதால் அதன் கறையை மறைக்கக்கூடாது. எல்லா ஏலும் மனமுவந்து குடித்ததில்லை. 'ஸ்காட் ஏல்' என்று ஒன்று இருந்தது. காட்டு அதிகாரிகளும் அவர்களைப் போன்றவர்களும் ஏல் காய்ச்சி வைத்துக்கொண்டு, வந்து குடித்தே ஆக வேண்டும், காசு கொடுத்தே ஆக வேண்டும் என்று குடியானவர்களை வற்புறுத்துவது. 1217இல் மூன்றாம் ஹென்றியின் பெயரால் வந்த வனச் சாசனம், காட்டு அதிகாரி எவரும் இப்படி வசூலிக்கக் கூடாது என்று தடுத்தது. ஊர் ஒன்றாகக் குடிக்கும் வழக்கத்துக்குள் எவ்வளவு எளிதாக அதிகாரம் நுழையும் என்பதற்கு அந்த ஒரு விதி போதும். பூன்வில்லில் அந்த வற்புறுத்தல் இல்லை. அங்கே அரசின் கை வேறு விதமாக இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒருநாள் மது உரிமத்தைப் பொதுவாக இலாப நோக்கற்ற அமைப்புகளுக்குத்தான் கொடுக்கிறார்கள். அவற்றின் நிகழ்ச்சிகளுக்கு ஆலைகள் பியரை நன்கொடையாகத் தரவும் சட்டம் இடமளிக்கிறது. அங்கு நடக்கும் பியர் விழாக்களில் பல ஏதாவது ஒரு நற்காரியத்தின் பெயரில் நடப்பதற்கு நல்ல மனத்தோடு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

குடிவெறி இரண்டுக்கும் பொது. 1583இல், கடுமையான சமயச் சீர்திருத்தம் கோரிய பியூரிட்டன்களில் ஒருவரான ஃபிலிப் ஸ்டப்ஸ் என்ற எழுத்தாளர் சர்ச் ஏலைக் கடுமையாகச் சாடினார்: கடவுளின் வீட்டைப் பழுதுபார்க்கக் குடிகாரர்களின் காசா என்பது அவர் கோபம். மேற்கு மாவட்ட நீதிபதிகள் திரும்பத் திரும்பத் தடை போட்டார்கள். 1632இல் தலைமை நீதிபதி தாமஸ் ரிச்சர்ட்சன் சாமர்செட்டில் தடையை மறுபடி விதிக்க, ஆங்கிலத் திருச்சபையின் பேராயர் லாட் வெகுண்டெழ, அரசர் முதலாம் சார்லஸ் 1633இல் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுகளையும் கொண்டாட்டங்களையும் ஆதரிக்கும் அறிக்கையை மீண்டும் வெளியிட்டார். பிஷப் பியர்ஸின் அறிக்கையும் இந்தச் சண்டையில் பிறந்ததே. சில ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் வந்து, பியூரிட்டன்கள் கை ஓங்கியது. ஸ்டப்ஸை வெறும் முசுடு என்று ஒதுக்க என்னால் முடியாது. மாலையில் திடலை விட்டு வெளியே வருபவர்களையும், வெளியே காத்திருக்கும் 128ஆம் எண் சாலையையும் பார்த்தவன் நான். சர்ச் ஏலில் குடித்தவன் நடந்து வீட்டுக்குப் போனான். விழுந்தால் வரப்பில் விழுந்தான். பூன்வில்லில் கூடாரம் அடித்துத் தங்குபவர்கள் புத்திசாலிகள். தங்காதவர்களின் வண்டியில் குடிக்காதவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் சர்ச் ஏலை முழுதாகச் சாய்த்தது பிரசங்கம் மட்டுமில்லை, வரியும்தான். 1598, 1601 ஆண்டுகளின் ஏழையர் சட்டங்கள் ஒவ்வொரு பங்கும் சொத்து வைத்திருப்பவர்களிடம் வரி வசூலித்துத் தன் ஏழைகளைக் காக்க வேண்டும் என்றன. வில்ட்ஷையரில் 1626இல் பிறந்த ஜான் ஆப்ரி, தம் தாத்தா காலத்தில் ஏழைகளுக்கென்று வரியே கிடையாது, பெந்தெகொஸ்தே ஏலே அந்த வேலையை முடித்தது என்று ஏக்கத்தோடு எழுதிவைத்தார். கோயில் வீட்டில் சமையல் கம்பிகளும் பாத்திரங்களும் இருந்ததையும், இளசுகள் ஆடியதையும், பெரியவர்கள் அமைதியாக உட்கார்ந்து பார்த்ததையும் சொல்கிறார். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. என்றாலும் நான் வரியின் பக்கம். ஏழைக்குக் கஞ்சி கிடைப்பது ஊர் அந்த ஆண்டு எவ்வளவு குடித்தது என்பதைப் பொறுத்திருக்கக் கூடாது. ஊருக்குப் பிடிக்காத ஏழைக்கு யார் ஏல் காய்ச்சியிருப்பார்கள்?

இந்தக் கணக்கை அப்படியே கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனால் அது தலைகீழாகத் தெரிகிறது. அங்கே 1978இல் மக்கள் வாக்களித்து 13ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். சொத்து வரி, மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, சொத்து கைமாறும்வரை. வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி, பள்ளிகளுக்கும் உள்ளூர் நிர்வாகங்களுக்கும் பெரிய இடி. தற்செயலாக அதே 1978இல்தான் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வீட்டில் பியர் காய்ச்சுவதைச் சட்டபூர்வமாக்கும் மசோதாவில் கையெழுத்திட்டார். சிறு ஆலைகளின் பெருக்கத்துக்கு அது வழி திறந்தது. பூன்வில் விழா அந்த வரிக்குறைப்பினால் பிறந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் சிற்றூர்கள் தங்கள் பொதுக் காரியங்களுக்கு நன்கொடை விருந்துகளை நம்ப வேண்டியிருக்கும் ஒரு மாநிலத்தில்தான் அது நடக்கிறது. இங்கிலாந்து ஏலிலிருந்து வரிக்குப் போனது. கலிஃபோர்னியா வரியைக் கட்டிப்போட்டது, கோப்பை மறுபடி கைக்கு வந்தது.

க்ரோகமில் ஏல் விழாக்கள் நின்ற பிறகு அந்தக் கோயில் வீட்டை இடிக்கவில்லை. மேல்தளம் பள்ளிக்கூடமானது. கீழே, ஏல் காய்ச்சிய இடத்தில் ஏழைகளைக் குடிவைத்தார்கள். இன்று ஊர்ப் பொது நிகழ்ச்சிகள் அங்கே நடக்கின்றன. எதிரே கோயிலில் 1534 என்று ஆண்டு பொறித்த மரச் செதுக்கல்களோடு பழைய இருக்கைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் உட்கார்ந்து எழுந்தவர்கள் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குக் குடிக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன்.

பூன்வில்லிலிருந்து திரும்பும்போது மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் கதவுப் பையில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. முன்னால் இருந்தவன், "அந்தப் பணமெல்லாம் யாருக்குடா போகும்?" என்று கேட்டான். பள்ளியில் வேலை செய்யும் அம்மாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "எந்த மேசை?" என்றான். நீ இரண்டாம் தடவை போய் வாங்கினாயே, கறுப்பு பியர், அந்த மேசை என்றேன். அவன் திரும்பி இருட்டிக்கொண்டு வந்த பள்ளத்தாக்கைப் பார்த்தான்.